பகலில் ட்ரியர், இரவில் திராட்சை ஊர்

ஜெர்மனியின் மேற்கு விளிம்பில், லக்ஸம்பர்க் எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது ட்ரியர். அதைச் சுற்றி மோசெல் நதிக்கரையிலும், அதில் வந்து சேரும் ரூவர் ஆற்றங்கரையிலும் ஒயின் தயாரிக்கும் குடும்பங்கள் வீட்டோடு சேர்த்து விடுதியும் நடத்துகின்றன. இந்த வாரக் கேள்விகள் முழுக்க அந்த விடுதிகளைப் பற்றி.

கோவை வாசகி: ட்ரியர் நகரத்துக்குள்ளேயே நல்ல ஹோட்டல்கள் இருக்கின்றன. பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிராமத்துக்கு ஏன் போக வேண்டும்?

நகரத்தில் ரோமானியர் கட்டி முடித்ததைப் பார்ப்பீர்கள். கிராமத்தில் ரோமானியர் காலத்தில் தொடங்கி இன்னும் முடியாத வேலையைப் பார்ப்பீர்கள். கோட்டை வாசலைக் காத்த வீரன் போய் ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு மேலாகிறது. கொடிக்குக் கவாத்து செய்கிறவர் இன்று காலையும் மலையேறினார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த வட்டாரம் புரியும்.

திருச்சி வாசகர்: ட்ரியர் அவ்வளவு பழைய ஊரா?

ஜெர்மனியின் மிகப் பழைய நகரம் என்று பெயர் எடுத்த ஊர். அகஸ்டஸ் காலத்தில், கி.மு. 16 வாக்கில் உருவானது. 1984ல் 2,000வது ஆண்டு விழா கொண்டாடினார்கள். பேரரசர் கான்ஸ்டன்டைன் கி.பி. 306க்குப் பிறகு சில ஆண்டுகள் இங்கிருந்துதான் ஆண்டார். அவர் கட்டிய அரியணை மண்டபம் இன்று தேவாலயம். அத்தனை பெரிய கூடத்துக்குள் ஒரு தூண்கூடக் கிடையாது. மோசெலுக்குக் குறுக்கே போட்ட பாலத்தின் கல் தூண்கள் 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அதன்மேல் இன்றும் கார் ஓடுகிறது. 1986ல் இவற்றையெல்லாம் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

தஞ்சாவூர் வாசகர்: போர்ட்டா நிக்ரா என்ற கோட்டை வாசல் கன்னங்கரேல் என்று இருக்கிறதே, யார் தீ வைத்தது?

யாரும் வைக்கவில்லை. வெளிர் நிற மணற்கல்தான். காலம் கறுக்க வைத்தது. கி.பி. 170 வாக்கில் தொடங்கிய கட்டுமானம். சாந்தே பூசாமல் கல்லோடு கல்லை இரும்புக் கவ்விகளால் பிணைத்தார்கள். பின்னாளில் இரும்புக்கு ஆசைப்பட்டவர்கள் கல்லைக் குடைந்து கவ்விகளைப் பிடுங்கினார்கள். கிட்டே போய் நின்றால் அந்தக் குழிகள் கண்ணில் படும்.

கட்டடம் தப்பியதற்கு ஒரு துறவி காரணம். சிமியோன் என்ற கிரேக்கத் துறவி அதற்குள் தன்னை அடைத்துக்கொண்டு வாழ்ந்து 1035ல் இறந்தார். அவர் நினைவாக வாசலையே தேவாலயமாக்கினார்கள். கோட்டையை இடிக்கிற கை கோயிலை இடிக்கக் கூசும் அல்லவா? 1804ல் நெப்போலியன் வந்தபோது தேவாலயச் சேர்க்கைகளை நீக்கி ரோமானிய வாசலை மீட்கச் சொன்னார்.

மதுரை வாசகர்: தங்குவதற்கு எந்த ஊரைத் தேர்ந்தெடுக்கலாம்?

நகரத்துக்கு நடந்தே போய்வர வேண்டும் என்றால் ஓலெவிக். ட்ரியரின் ஒரு பகுதிதான், ஆனால் தெருமுனையிலேயே திராட்சைச் சரிவு தொடங்கிவிடும். சத்தமில்லாத பள்ளத்தாக்கு வேண்டும் என்றால் ரூவர் கரையில் மெர்ட்டெஸ்டார்ஃப், காசெல். பெரிய நதி, பெரிய வளைவு, அதைச் சுற்றிப் படிக்கட்டாக ஏறும் தோட்டங்கள் வேண்டும் என்றால் மோசெல் போகிற திசையில் மெஹ்ரிங், லைவென், ட்ரிட்டன்ஹைம், நொய்மாகன்-ட்ரோன், பீஸ்போர்ட். வயதான பெற்றோரோடு போகிறவர்களுக்கு ஓலெவிக். நடக்கவும் சைக்கிள் மிதிக்கவும் பிடித்தவர்களுக்கு மற்ற எல்லாம்.

சேலம் வாசகி: கார் இல்லாமல் சமாளிக்கலாமா?

சமாளிக்கலாம், நேரம் பார்த்துப் போனால். ஃப்ராங்க்ஃபர்ட் விமான நிலையத்திலிருந்து கோப்ளென்ஸ் வழியாக ரயிலில் ட்ரியர் வர ஏறக்குறைய மூன்று மணி நேரம். லக்ஸம்பர்க்கிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள். அங்கிருந்து பஸ். ஷ்வைஷ் ஊரைத் தாண்டியதும் ரயில் பாதை நதியை விட்டு விலகிவிடுகிறது. ட்ரிட்டன்ஹைம், பீஸ்போர்ட் பக்கமெல்லாம் பஸ்தான் கதி. மாலையிலும் ஞாயிறன்றும் பஸ் குறைவு. கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று அறை பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். ரூவர் பள்ளத்தாக்கில் பழைய ரயில் தடத்தைச் சைக்கிள் பாதையாக்கி ஹெர்மெஸ்கைல் வரை ஏறக்குறைய 50 கிலோமீட்டர் நீட்டியிருக்கிறார்கள். ஏற்றம் சீராக இருப்பதால் பழகாதவர்களும் மிதிக்கலாம்.

சென்னை வாசகர்: விடுதி எப்படி இருக்கும்? ரிசப்ஷன், ரூம் சர்வீஸ் எல்லாம் உண்டா?

ரிசப்ஷனில் இருப்பவர்தான் முதலாளி, அவர்தான் டிராக்டர் ஓட்டுகிறவர், ராத்திரி உங்களுக்கு ஒயின் ஊற்றுகிறவரும் அவரே. அதனால் ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள்: எத்தனை மணிக்கு வந்து சேருவீர்கள் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். நள்ளிரவில் கதவு திறக்க அங்கே ஆள் கிடையாது. மாடி அறைக்கு லிஃப்ட் இல்லாத வீடுகள் நிறைய. அறை சின்னது, படுக்கை சுத்தம், ஜன்னலைத் திறந்தால் எதிரே சரிவு. இரவு 10 மணிக்கு மேல் முற்றத்தில் உரக்கப் பேசாதீர்கள்; ஊர் மொத்தமும் விடியலில் எழுந்து வேலைக்குப் போகிற ஊர்.

ஈரோடு வாசகி: நாங்கள் சுத்த சைவம். பட்டினி கிடப்போமா?

காலையில் ராஜபோகம்தான். சுடச்சுட ரொட்டி, நாலைந்து வகைச் சீஸ், வெண்ணெய், பழ ஜாம், தயிர், காபி என்று மேசை நிரம்பிவிடும். இரவில் பன்றி இறைச்சி இல்லாத தட்டைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். ஏப்ரலிலிருந்து ஜூன் 24 வரை வெள்ளை அஸ்பாரகஸ் பருவம். உருளைக்கிழங்கோடு வேகவைத்துத் தருவார்கள். மெல்லிய மாவில் வெங்காயமும் க்ரீமும் பரப்பிச் சுடும் ஃப்ளாம்குகென் கிடைக்கும், ஆனால் வழக்கமாக அதில் பன்றி இறைச்சித் துண்டு தூவுவார்கள். இலையுதிர்காலத்தில் விற்கும் வெங்காயக் கேக்கிலும் அதே சங்கதி. வாய்விட்டுக் கேட்டால் இல்லாமலேயே செய்துதருவார்கள். முந்தைய நாளே சொன்னால் இன்னும் நல்லது.

நாகர்கோவில் வாசகர்: நான் குடிப்பதில்லை. எனக்கு அங்கே என்ன வேலை?

நிறைய வேலை. அதே தோட்டத்துத் திராட்சையைப் பிழிந்து, நொதிக்க விடாமல் புட்டியில் அடைத்த சாறு அநேகமாக எல்லா வீட்டிலும் உண்டு. கடையில் விற்கும் சர்க்கரைத் தண்ணீர் இல்லை. புளிப்பும் வாசனையும் கூடிய பழச்சாறு. ‘எவ்வளவு குறைந்த மதுவும் பாதுகாப்பானதில்லை’ என்றுதான் உலகச் சுகாதார நிறுவனம் 2023ல் சொன்னது. ஆகவே உங்கள் பழக்கத்துக்கு நீங்கள் யாருக்கும் சமாதானம் சொல்ல வேண்டியதில்லை. நிலவறையைப் பார்க்கவும் சரிவில் நடக்கவும் விவசாயியோடு பேசவும் கோப்பை அவசியமே இல்லை.

வேலூர் வாசகர்: ருசி பார்க்க அழைத்தால் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

நேரம் கேட்டு, சொன்ன நேரத்துக்குப் போங்கள். குடும்பப் பெயரைச் சொல்லி மரியாதையாக அழையுங்கள். கோப்பையில் ஊற்றுவது இரண்டு மடக்கு அளவுதான். முழுவதும் விழுங்க வேண்டியதில்லை, மீதியை ஊற்றப் பாத்திரம் வைத்திருப்பார்கள். இனிப்பில்லாததில் தொடங்கி இனிப்பானதில் முடிப்பது முறை. சில வீடுகளில் கட்டணம் உண்டு, புட்டி வாங்கினால் கழித்துக்கொள்வார்கள். பிடிக்காத ஒன்றைப் பிடிக்கவில்லை என்று தாராளமாகச் சொல்லலாம். ‘ஏன்?’ என்று வீட்டுக்காரர் கேட்பார். அங்கே தொடங்கும் உரையாடல் எந்தச் சுற்றுலா வழிகாட்டியும் தராதது.

கம்பம் திராட்சை விவசாயி: எங்கள் பன்னீர் திராட்சைக்குப் பந்தல் போடுகிறோம். அங்கே எப்படி? அவ்வளவு குளிரில் பழம் எப்படிப் பழுக்கிறது?

தொழில்காரர் கேள்வி, தொழில் பதில். அங்கே பந்தல் கிடையாது. மரபான முறையில் ஒவ்வொரு கொடிக்கும் தனியாக ஒரு மரக்கழி. இரண்டு கிளைகளை வளைத்துக் கீழே கொண்டுவந்து இதய வடிவில் கட்டுவார்கள். சரிவில் எந்தப் பக்கமிருந்தும் கொடியைச் சுற்றி வேலை செய்யலாம் என்பது இதில் வசதி. உங்களுக்கு ஆண்டுக்கு ஒன்றுக்கு மேல் அறுவடை வரும். மோசெல் விவசாயிக்கு ஒன்றே ஒன்று. அதையும் ஏப்ரல் உறைபனி ஒரே இரவில் கொண்டுபோய்விடலாம். 2024ல் ரூவர் பக்கம் பலருக்கு அப்படித்தான் ஆயிற்று.

ட்ரியர் இருப்பது ஏறக்குறைய 50 பாகை வடக்கில். அத்தனை வடக்கே பழத்தைப் பழுக்க வைப்பவை மூன்று: தெற்கே பார்த்த சரிவு, கீழே ஓடும் நதி, காலுக்கடியில் கிடக்கும் சிலேட்டுக் கல். அந்தக் கல்லை நீங்கள் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். தகடு தகடாக உரியும், விளிம்பு கூர்மையாக இருக்கும், மண் என்று சொல்லவே ஒன்றும் இருக்காது. பகல் வெயிலை வாங்கிக்கொண்டு, பொழுது சாய்ந்த பிறகும் வெதுவெதுப்பாக இருக்கும், நம் ஊர் மொட்டை மாடித் தளம் மாதிரி. வேர் அந்தத் தகடுகளின் இடுக்கில் புகுந்து தண்ணீர் தேடி ஆழமாக இறங்குகிறது.

சரிவு எவ்வளவு செங்குத்து என்றால், கோப்ளென்ஸ் போகும் வழியில் ப்ரெம் என்ற ஊரில் கால்மோன்ட் மலையில் 65 பாகை வரை போகிறது. இப்படிப்பட்ட இடத்தில் டிராக்டர் நிற்காது. ஒற்றைத் தண்டவாளம் ஒன்றைச் சரிவில் பதித்து, பல்சக்கரம் வைத்த சின்ன வண்டியில் ஆளும் கூடையும் ஏறுகிறார்கள். அதில் உட்கார்ந்து இறங்கும்போது முழங்காலுக்கு நேர் கீழே நதி தெரியும். கவாத்து, இலை கிள்ளல், அறுவடை எல்லாம் கையால்தான்.

புதுச்சேரி வாசகர்: ரீஸ்லிங் என்றால் இனிப்பு ஒயின் என்கிறார்களே?

பாதி உண்மை. ரீஸ்லிங் என்பது திராட்சை வகை. அதிலிருந்து சுத்தமாக இனிப்பில்லாததும் வரும், தேன் மாதிரியானதும் வரும். புட்டியில் ‘ட்ரோக்கன்’ என்று போட்டிருந்தால் இனிப்பு தெரியாது. ‘ஃபைன்ஹெர்ப்’ என்றால் லேசான இனிப்பு. ‘கபினெட்’, ‘ஷ்பேட்லெசே’, ‘ஔஸ்லெசே’ ஆகியவை பழம் எவ்வளவு முற்றியிருந்தது என்று சொல்பவை. பழம் −7 டிகிரிக்குக் கீழே கொடியிலேயே உறைந்தால், உறைந்த நிலையிலேயே பிழிந்து பனி ஒயின் செய்வார்கள். குளிர்காலங்கள் சூடாகிக்கொண்டு வருவதால் இது அரிதாகிவிட்டது.

மோசெல் முழுக்க ரீஸ்லிங் பரவியதற்கு ஓர் அரசாணையும் காரணம். 1787ல் ட்ரியரை ஆண்ட பேராயர் க்ளெமென்ஸ் வென்ட்செஸ்லாவுஸ், மட்டமான கொடிகளைப் பிடுங்கிவிட்டு நல்ல வகையை நடச் சொன்னார்.

திருநெல்வேலி வாசகர்: கார்ல் மார்க்ஸ் பிறந்த ஊர் ட்ரியர்தானே? அவருக்கும் திராட்சைக்கும் என்ன?

நிறையவே உண்டு. 1818 மே 5 அன்று ட்ரியரில் பிறந்தார். அந்த வீடு இப்போது அருங்காட்சியகம். அவர் தந்தை வழக்கறிஞர். குடும்பத்துக்கு மெர்ட்டெஸ்டார்ஃபில் ஒரு திராட்சைத் தோட்டமும் இருந்தது. நெப்போலியனுக்குப் பிறகு மோசெல் பிரஷ்யாவின் கைக்கு வந்தபோது, வெளி ஒயினுக்குச் சுங்கவரி இருந்ததால் உள்ளூர்க்காரர் பிழைத்தார்கள். 1834ல் ஜெர்மன் அரசுகளுக்கிடையே சுங்கச் சுவர்கள் விழுந்தன. தெற்கிலிருந்து மலிவான ஒயின் இறங்கியது. மோசெல்காரர்கள் கடனில் மூழ்கினார்கள்.

அவர்களுடைய துயரத்தை ஒரு செய்தியாளர் பத்திரிகையில் எழுத, மாகாண ஆட்சித் தலைவர் ஆதாரம் கேட்டார். 1843 ஜனவரியில் பத்திரிகை ஆசிரியராக இருந்த இளைஞர் மார்க்ஸ், அந்தச் செய்தியாளருக்குத் துணை நின்று நீண்ட கட்டுரைகள் எழுதினார். மார்ச் முடிவோடு பத்திரிகையை அரசு மூடவைத்தது. மோசெல் விவசாயிகளைப் பற்றி எழுதியதும், விறகுத் திருட்டுச் சட்டம் பற்றி எழுதியதும்தான் மார்க்ஸை அரசியலிலிருந்து பொருளாதாரத்துக்குத் திருப்பின என்று எங்கெல்ஸ் பின்னாளில் நினைவுகூர்ந்தார். மார்க்ஸ் வீட்டைப் பார்த்துவிட்டு மெர்ட்டெஸ்டார்ஃபுக்கு பஸ் ஏறுங்கள். அவர் சிந்தனைக்கு விதை போட்ட நிலம் அங்கே கண்ணெதிரே நிற்கிறது.

விருதுநகர் வாசகர்: அந்த விவசாயிகள் அப்புறம் அடங்கிப் போனார்களா?

இல்லை. 1926 பிப்ரவரி 25 அன்று பெர்ன்காஸ்டெல்-குவெஸ் ஊரில் ஆயிரக்கணக்கான திராட்சை விவசாயிகள் திரண்டு வரி அலுவலகத்துக்குள் புகுந்து கோப்புகளைத் தூக்கியெறிந்தார்கள். அந்த வருஷமே ஒயின் வரி ரத்தானது.

கடலூர் வாசகி: ரோமானிய ஒயின் தமிழ்நாட்டுக்கும் வந்ததாமே? அது மோசெல் ஒயினா?

வந்தது, ஆனால் மோசெலிலிருந்து அல்ல. உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே அரிக்கமேட்டில் 1945ல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது மத்திய தரைக்கடல் பக்கத்து மதுச் சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. இத்தாலியிலிருந்தும் கிரேக்கத் தீவான கோஸிலிருந்தும் கப்பலேறிய வகைச் சாடிகள் அவற்றில் உண்டு. மோசெல் ஒயின் போன வழி வேறு, நதி வழி. அதற்கான சாட்சியை ட்ரியர் அருங்காட்சியகத்தில் பாருங்கள்: கி.பி. 220 வாக்கில் ஓர் ஒயின் வணிகரின் கல்லறைக்குச் செதுக்கிய கல் கப்பல். நொய்மாகனில் 1878 வாக்கில் தோண்டி எடுத்தார்கள். மேலே மரப் பீப்பாய்கள், கீழே வரிசையாகத் துடுப்பு, தாடிக்கார மாலுமி ஒருவர் முகத்தில் தெளிவான சிரிப்பு. எந்தச் சக்கரவர்த்தி சிலையையும்விட அந்த முகத்தின் முன்னால் நான் அதிக நேரம் நின்றேன்.

ராமநாதபுரம் வாசகி: குழந்தைகளை அழைத்துப் போகலாமா?

அழைத்துப் போங்கள். அருங்காட்சியகத்துக் கல் கப்பலைக் காட்டிவிட்டு நொய்மாகனுக்குக் கூட்டிப் போங்கள். அதே கப்பலை மரத்தில் செய்து 2007ல் நதியில் மிதக்கவிட்டிருக்கிறார்கள். பிறகு பீஸ்போர்ட், 4ஆம் நூற்றாண்டு ரோமானியத் திராட்சை ஆலை ஒன்று 1985ல் அங்கே வெளிப்பட்டது. மிதிக்கும் தொட்டி, சாறு வடியும் தொட்டி என்று கண்ணால் பார்த்தே புரிந்துகொள்வார்கள். அறுவடைக் காலத்தில் நிலவறைக்குள் மட்டும் குழந்தைகளைத் தனியே இறங்க விடாதீர்கள். நொதிக்கும்போது வரும் கரியமில வாயு தரையோடு தேங்கி உயிரைப் பறிக்கும். வீட்டுக்காரர் கூட வந்தால் மட்டுமே இறங்குங்கள். அப்படி இறங்கினால் 1,000 லிட்டர் ஓக் பீப்பாய்களில் வாயு குமிழியிடும் ‘குளுக் குளுக்’ சத்தத்தைக் கேட்கலாம்.

கரூர் வாசகர்: எப்போது போவது நல்லது?

மே, ஜூனில் பச்சை. ஜூனில் கொடி பூக்கும். செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் முடிய அறுவடை: பார்க்க அதைவிட நல்ல காலம் இல்லை, ஆனால் அறைகள் நிரம்பியிருக்கும், வீட்டுக்காரருக்குப் பேச நேரம் இருக்காது. பேச்சு வேண்டும் என்றால் மே. வேலையைப் பார்க்க வேண்டும் என்றால் அக்டோபர். ஜனவரியில் பல வீடுகள் மூடியிருக்கும்.

திண்டுக்கல் வாசகர்: போகிற வழியில் ஒரு கொத்து பறித்தால் தப்பா?

தப்பு. பழம் முற்றும் சமயத்தில் தோட்டப் பாதைகளையே வெளியாருக்கு அடைத்துவிடுவார்கள். கேட்டால் தோட்டக்காரரே தருவார்.

ஓசூர் வாசகர்: ருசி பார்த்துவிட்டு கார் ஓட்டலாமா?

ஓட்டாதீர்கள். சட்ட வரம்பு ரத்தத்தில் ஆயிரத்துக்கு 0.5 பங்கு. 21 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கும் புதிதாக உரிமம் வாங்கியவர்களுக்கும் பூஜ்யம். தள்ளாடினால் சைக்கிள்காரரையும் பிடிப்பார்கள். ஒயின் வீட்டிலேயே தங்குவதன் பெரிய லாபமே இதுதான்: படுக்கை படியேறும் தூரத்தில்.

தேனி வாசகி: ஊருக்கு எத்தனை புட்டி கொண்டுவரலாம்?

இந்தியச் சுங்கம் வரியில்லாமல் அனுமதிப்பது ஒருவருக்கு 2 லிட்டர். முக்கால் லிட்டர் புட்டி இரண்டு என்றால் நிம்மதி, மூன்றாவது என்றால் வரி. செக்-இன் பெட்டியில், துணிக்கு நடுவே சுருட்டி வையுங்கள்.

காஞ்சிபுரம் வாசகர்: ஞாயிற்றுக்கிழமை போய் இறங்கினால்?

கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமையே பழமும் தண்ணீரும் வாங்கிவிடுங்கள். பருவகாலத்தில் சில விவசாயிகள் தங்கள் கொட்டகையிலோ முற்றத்திலோ ‘ஸ்ட்ராவுஸ்விர்ட்ஷாஃப்ட்’ திறப்பார்கள்: ஆண்டில் 4 மாதம் வரை, 40 இருக்கைக்கு மேல் போகாமல், சொந்த ஒயினும் எளிய சாப்பாடும். வாசலில் ஒரு செண்டோ துடைப்பமோ தொங்கினால் உள்ளே போகலாம். பக்கத்து மேசையில் உள்ளூர்க்காரர்கள் இருப்பார்கள். கையில் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

பொள்ளாச்சி வாசகர்: இவ்வளவு கஷ்டப்பட்டுச் செங்குத்துச் சரிவில் ஏன் விவசாயம்? அடுத்த தலைமுறை செய்யுமா?

இந்த வாரத்தின் முக்கியமான கேள்வி இதுதான். சமதளத்தில் இயந்திரம் முடிக்கிற வேலைக்குச் சரிவில் பல மடங்கு ஆள் நேரம் பிடிக்கிறது. சூப்பர் மார்க்கெட் விலை இரண்டுக்கும் ஒன்றுதான். அதனால் பலர் விட்டுவிட்டார்கள். 1990களில் மோசெல் வட்டாரத்தில் 12,000 ஹெக்டேருக்கு மேல் திராட்சை இருந்தது. இன்று 9,000க்கும் குறைவு. விட்ட சரிவில் சில வருஷத்தில் முள்ளும் புதரும் ஏறும், அடுக்குச் சுவர் சரியும். நதியின் கீழ்ப்பகுதியில் இந்த வெயில் பாறைகளை நம்பி வாழும் ‘மோசெல் அப்பல்லோ’ வண்ணத்துப்பூச்சிக்கும் அதோடு இடம் போய்விடும்.

இதைத் தடுத்து நிறுத்துவது பெரும்பாலும் சின்னக் குடும்பங்கள். அவர்களுக்கு அறை வாடகை ஒரு கூடுதல் கை. உறைபனியில் பழம் போன வருஷத்திலும் அறை வாடகை வரும். முற்றத்தில் நீங்கள் வாங்கும் புட்டியின் விலை இடைத்தரகருக்குப் போகாமல் முழுசாக அவர்கள் கைக்குப் போகும். ட்ரியரின் கற்களைக் காக்க அரசாங்கம் இருக்கிறது, யுனெஸ்கோ இருக்கிறது. சரிவைக் காக்க அந்த விவசாயியும் அவர் வீட்டில் தங்க வருகிறவர்களும்தான் இருக்கிறார்கள். அதனால்தான் முதல் கேள்வியிலிருந்தே கிராமத்தில் தங்குங்கள் என்று வற்புறுத்துகிறேன்.

நாமக்கல் வாசகி: கடைசியாக, எத்தனை இரவு தங்க வேண்டும்?

குறைந்தது இரண்டு. முதல் நாள் ட்ரியர். இரண்டாம் நாள் காலைச் சாப்பாடு முடிந்ததும் வீட்டுக்காரர் தோட்டத்துக்குக் கிளம்புவார். ‘நானும் வரட்டுமா?’ என்று கேளுங்கள். நல்ல பிடிமானமுள்ள ஷூ போட்டுக்கொள்ளுங்கள்.